பதினாறு கிலோ

பிரிவில் என் வேலை கதவு.
குறிபார்ப்பது ஜெமோவித், பேசுவது கிங்கா,
கயிற்றில் இறங்க இரண்டு பேர்,
காயம் கட்ட ஒருவர்.
நான் கதவு.
பதினாறு கிலோ இரும்பை இடுப்புயரத்தில் பிடித்து
மூன்று விநாடிக்குள்
ஒரு வீட்டைத் தெருவாக்குவது.

கதவுகளை எனக்குத் தெரியும்.
எந்தக் கீல் சோம்பேறி, எந்த நிலை ஈரத்தில் ஊதியது,
எது வெளியே திறந்து நம் முகத்தில் அறையும்,
எந்தத் தாழ்ப்பாள் வெறும் வாய்ச்சொல் வீரன்.
விருந்துக்குப் போனாலும்
அழைப்புமணியைத் தொடுமுன்
கண் கீல்களை எண்ணிவிடுகிறது.
இப்போதெல்லாம் அதிகம் அழைப்பதில்லை.

வூட்ச் நகரம், பிப்ரவரி,
மூடிப்போன நூலாலைக்குப் பின்னால்
நான்காம் மாடி, எண் பதினேழு.
உள்ளே வால்டெமார்.
இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டியவன்,
கையில் பன்றி வேட்டைத் துப்பாக்கி,
அடுத்த அறையில் மகள் யாகோடா, வயது ஏழு.
காலையில் அவளை அழைத்துப்போக
நீதிமன்றத் தாள் வந்திருந்தது.

நாங்கள் போனது மாலை ஆறுக்கு.
கீழ்வீட்டுக்காரர்களை வீட்டுச் செருப்போடு இறக்கிப்
பேருந்தில் உட்காரவைத்தோம்.
ஒருத்தி பாதி வெந்த பீட்ரூட் சூப்போடு இறங்கினாள்;
கடைசிவரை மூடியைத் திறக்கவில்லை.

படங்களில் எங்களைப் போன்றவர்கள் ஓடுவார்கள்.
நாங்கள் நிற்போம்.
படிக்கட்டில், சுவரோடு சுவராய்,
ஒருவர் தோளில் மற்றவர் கை,
முகக்கண்ணாடியில் மூச்சு பனித்து,
முழங்கால் முதலில் வலித்து, பிறகு மரத்து,
பிறகு வேறு யாருடையதோ ஆகி.
தும்மலை விழுங்குவது எப்படி என்று
பயிற்சி முகாமில் யாரும் சொல்லவில்லை.

கிங்கா கதவோடு பேசினாள்.
மிரட்டவில்லை, வாக்குக் கொடுக்கவில்லை.
பன்னிரண்டாம் தடத்தில் எந்தத் திருப்பம் மோசம் என்று கேட்டாள்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு உள்ளிருந்து ஒரு குரல்,
இலையுதிர் காலத்தில் தண்டவாளம் சோப்பாகிவிடும் என்றது,
மணல் தூவ வேண்டும் என்றது,
தூவாத அதிகாரிகளைப் பெயர் சொல்லித் திட்டியது.
ஒரு மணிநேரம் தண்டவாளம் பேசினார்கள்.
பிடி நழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இப்போது எனக்கும் தெரியும்,
ஈர இலைமேல் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி நிற்காது,
விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

இரண்டு பத்துக்குக் காதில் வந்தது: தயார்.
அவன் குரல் மாறியிருந்தது.
இரும்பைப் பின்னுக்கு இழுத்தேன்.
பூட்டுக்கு நான்கு விரல் கீழே, அடிக்க வேண்டிய இடத்தில்,
ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில்
ஸ்டிக்கர் ஒன்று.
ஆப்பிளைச் சுமந்து போகும் முள்ளெலி.
எட்டு மணிநேரமாக அதை நான் பார்க்கவில்லை, சத்தியமாக.
பார்த்தபின்
வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

உத்தரவு வந்திருந்தால் அடித்திருப்பேன்.
இதை ஒளிக்க விரும்பவில்லை.
முள்ளெலி, ஆப்பிள், எல்லாம் சிராய்.

கிங்கா கையை உயர்த்தினாள். பொறு.
"விட்டு விட்டுப் பிடி, வால்டெமார்" என்றாள்.
அவ்வளவுதான்.

மூன்றைத் தாண்டிச்
சங்கிலி விலகும் ஓசை.
பிறகு மேல்தாழ்ப்பாள்.
பிறகு நடுப்பூட்டு, இரண்டு சுற்று.
நான் உடைத்ததில் எந்தப் பூட்டும்
இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.
கதவு உள்பக்கம் திறந்தது; என் கணிப்பு சரி.
துப்பாக்கி மிதியடிமேல், குழல் சுவரைப் பார்த்து.
காலுறையோடு நின்றான்.
"தூங்குகிறாள். பூட்ஸைப் பார்த்து வையுங்கள்."

ஜெமோவித் விலங்கின் பற்களை
ஒவ்வொன்றாக, கட்டைவிரலால் மூடிமூடி இறுக்கினான்.
இருபது கிலோ கவசம் பூட்டிய ஆறு பேர்
நுனிக்காலில் நடந்தோம்.

படிவத்தில் எனக்கு ஒரே வரி:
சேதமடைந்த கதவுகள்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
காலையில் அவளை யார் எழுப்பினார்கள்,
முதல் வார்த்தையாக என்ன சொன்னார்கள்,
அதற்குக் கட்டம் இல்லை.

இரும்பைச் சட்டத்தில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.
தோள் மட்டும் அந்த அடியை எதிர்பார்த்து
நின்றுகொண்டிருந்தது,
வியாழக்கிழமை வரை.