மூக்கில் வியர்ப்பது

திருப்பி அனுப்பிய பெட்டிகள்
ஒரு வியாழக்கிழமை மழையோடு வந்தன.
நாற்பதாயிரம் தக்கைகள்.
"உங்கள் தக்கை எங்கள் ஒயினில்
ஈரச் சாக்கின் வாடையை விட்டுவிட்டது.
இனி பிளாஸ்டிக்."
கடிதம் அவ்வளவுதான்.

போர்ச்சுகலின் வடக்கே,
ஃபெய்ராவை ஒட்டிய ஆலையில் நான் கணக்கன்.
அன்று மதியம் அபிலியோ, முதலாளி,
சாப்பிடாமல் வந்து கேட்டார்:
"எத்தனை மாதம் தாங்கும்?"
"பதினொன்று" என்றேன்,
ஏழு என்று தெரிந்தே.

ஓக் மரத்தை ஒருமுறை உரித்தால்
மறுபட்டைக்கு ஒன்பது வருஷம் பொறுக்க வேண்டும்.
வங்கி பொறுப்பது மூன்று மாதம்.
இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து
கூட்டிக் கழிப்பதற்கே எனக்குச் சம்பளம்.

தரச்சோதனை அறையில் லுடோவினா.
ஊறவைத்த தக்கைகளைக்
குவளை குவளையாய் முகர்ந்து பார்ப்பவள்.
வேலை நாளில் சென்ட் கிடையாது,
காலையில் காப்பியும் கிடையாது.
கழுகுக்கு மூக்கில் வியர்த்தாற்போல
இரண்டு வருஷம் முன்பே சொல்லிவிட்டாள்:
குளோரின் கழுவலில் இருந்து வருகிறது,
மாற்றாத கொதிநீரில் இருந்து வருகிறது,
மண்ணைத் தொட்ட அடிப்பட்டையில் இருந்து வருகிறது.
எழுதியும் கொடுத்தாள்.

அந்தத் தாள் என் மேசையில்
காப்பிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது.
வட்டக் கறையோடு எடுத்து நீட்டினேன்.
அபிலியோ படித்தார்.
இரண்டாம் முறை, எழுந்து நின்றுகொண்டு.

பிறகு நடந்ததெல்லாம்
என் ஏட்டில் செலவாகத்தான் இருக்கிறது.
எஃகுத் தொட்டி. நீராவிக் கோபுரம்.
அதற்காக விற்ற இரண்டு லாரி.
குளோரின் கிடங்கை இடித்த கூலி.
தக்கைப் பொடியை அழுத்தித்
தரைப்பலகையாக்க ஒரு பழைய அச்சு;
ஓட்டத் தெரியாமல் முதல் மாதம்
கருக்கிய பலகைகள், தொண்ணூற்றாறு.

எதிர்த்தெரு ஆலைக்காரர் தெல்மிரோ
அதே கோபுரத்தை வாங்கி நிறுத்தினார்.
எங்களதைவிட ஒரு முழம் உயரம்.
என்னைப் பார்த்துக் கைகூட அசைத்தார்.
ஆக, எங்கள் முன்னிலையின் ஆயுள்
பதினான்கு மாதம், ஆறு நாள்.

அதற்குள் லுடோவினா
இன்னொரு தாள் எழுதியிருந்தாள்.
அச்சை ஓட்டும் பையன் ஒன்று.
லாரி போனபின் கிடங்குக்கு மாறிய
ஓட்டுநர்கூட ஒன்று,
பிழையோடு, பென்சிலில்.

வருஷக் கடைசியில் தணிக்கையாளர் கேட்டார்:
"சொத்துப் பட்டியலில் முதலில் எதைப் போட?"
"கோபுரத்தை" என்றேன், வழக்கம்போல.
தேய்மானம் பத்து சதவீதம்.
வேறு எதற்கும் அந்தப் படிவத்தில்
கட்டமில்லை.

அவர் போனபின் காப்பி வந்தது.
கோப்பையை வைக்க இடம் தேடினேன்.
மேசை முழுக்கத் தாள்கள்.
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.