ஒரே எண்

உடல் என்னிடம்.
உருளை, டண்டீயில் கெர்ட் ஃபூரியிடம்.
இரண்டிலும் ஒரே எண்: 4173.

எந்தப் போரில் பிரிந்தனவோ.
ஏலத்தில் எனக்கு வந்தபோது
வேறெதன் உருளையோ
இரவல் பல்செட் மாதிரி உள்ளே ஆடிக்கொண்டிருந்தது.

பதினோரு வருடமாக விலை பேசுகிறோம்.
நான் ஏற்றினால் அவரும் ஏற்றுவார்.
நெஞ்சைப் பிளந்து தைத்துப் படுத்திருந்தபோது
லிச்சிப் பழத்தோடு போனேன்.
"நான் செத்தால் உருளை யாருக்கு என்று
பார்க்கத்தானே வந்தாய், கோனசீலா?"
ஆமாம் என்றேன்.
தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

போன சனிக்கிழமை லேடிஸ்மித் சந்தையில் மழை.
ஒரு ஈ காக்கை இல்லை.
என் வேனுக்குள் துண்டை விரித்து
மாட்டித்தான் பார்ப்போமே என்றார்.

அச்சு வழுக்கிக்கொண்டு நுழைந்தது.
சுற்றினேன்.
ஆறு சொடக்கு. ஆறும் ஒரே குரல்.
இன்னொரு முறை, என்றார்.
சுற்றினேன்.

பிறகு அவரே அச்சை உருவி
உருளையைக் கைக்குட்டையில் முடிந்தார்.
"இன்னும் இரண்டாயிரம் ராண்ட் போடேன்."
"நீங்கள் உடலை வாங்கிக்கொள்ளுங்களேன்."

முதல் ரோபோ விளக்கு சிவந்தது.
மடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன்:
உருளை இருந்த சதுர ஓட்டைக்குள்
கொஞ்சம் கண்ணாடி,
கொஞ்சம் மழை.