ஆடாமல் பிடிக்க வேண்டிய வட்டம்

மாம்பழக்கூழ் ஆலையில் ஓவர்டைம் பணம்
கைக்கு வந்த வைகாசியில் வாங்கினேன்,
ஓசூரில், பழையது.
வாரில் முன்பு வைத்திருந்தவரின் பெயர்
பாதி அழிந்து ‘ப்பா’ என்று மட்டும் இருந்தது.
எம் என்ற எழுத்துக்குத் திருப்பினால்
எல்லாம் வெள்ளை.
பச்சைச் சதுரத்தில் வைத்தால்தான்
என்னை மன்னித்துப் படம் எடுத்தது.

ரவுண்டானா பக்கம் ஸ்டுடியோவில் கேட்டேன்.
“கத்துக்கொடுக்கிறதெல்லாம் இல்லம்மா,
கல்யாண ஆல்பம் ஏதாவது வேணுமா?” என்றார் நூருல்லா.
லண்டன்பேட்டையில் ஒரு சென்டரின் பலகையில்
டேலி, டைப்ரைட்டிங், போட்டோகிராபி என்றிருந்தது.
மூன்றாவதற்கு ஆள் சேர்ந்தால் தொடங்குவார்களாம்.
நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.
டேலி படிக்கச் சொல்லி இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள்.

ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ்:
ஒருநாள் பயிற்சி, கே.ஆர்.பி. அணை,
ஆயிரத்து இருநூறு, மதியச் சாப்பாடு உண்டு,
காலை ஐந்தரைக்கு வரவும்.
அந்நேரத்துக்கு பர்கூரிலிருந்து எனக்கு பஸ் தோதுப்படவில்லை.
பால் வண்டியில் போனேன்.

பதினோரு பேர். பத்துப் பேருக்கு மீசை.
பயிற்சி தரும் திம்மராஜ் என்னைவிடச் சின்னவன்.
ஏழு மணிக்கு வந்து இறங்கி
“நல்ல லைட் போயிடுச்சு” என்று
எங்களைக் குறை சொன்னான்.

“இதை யாராவது பிடிக்கணும்.”
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
மடித்தால் தோசைக்கல், விரித்தால் கிணற்று வாய்,
வெள்ளித்துணி போர்த்த வட்டம்.
மீன் வறுக்கும் மாதம்மா ஸ்டூலில் உட்கார
பத்து மீசையும் முட்டி போட்டது.

காசும் கட்டிவிட்டு
அடுத்தவன் படத்துக்கு வெளிச்சம் தூக்குகிறேனே என்று
முகம் கடுகடுத்தது, கை கடுத்தது.
அப்போதுதான் அணைக்காற்று வட்டத்தை
ஒரு விரல்கடை சாய்த்தது.
மாதம்மாவின் இடக்கண் திறந்துகொண்டது.
திறந்தே இருந்த கண்தான்.
நானும் கொஞ்சம் சாய்த்தேன்: மூக்குத்தி.
இறக்கினேன்: பேய்க்கதை சொல்ல வந்த முகம்.
தூக்கினேன்:
இருபது வயது குறைந்து
யார் மீதோ கோபமாக இருந்தார்.
“அக்கா, ஆடாம பிடிங்க” என்றது ஒரு மீசை.
ஆடாமல் எப்படி?
சூரியனே நகர்ந்துகொண்டிருந்தது.

மதியம் தக்காளி சாதம்.
அப்பர்ச்சர் எண் கூடினால் துளை சுருங்குமாம்.
‘வட்டி, சுருக்குப்பை’ என்று
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
நான் எடுத்தது மொத்தம் பதினான்கு.
பன்னிரண்டு மங்கல். ஒன்று அணை.
தவறி அமுக்கியதில் விழுந்தது என் செருப்பு;
அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஆலையில்
கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டு ஒன்று
டியூப்லைட்டை வாங்கி
எதிரே குல்லாயும் மாஸ்க்குமாய் நின்ற
சின்னபாப்பாவின் புருவத்தில் வைத்தது.
தட்டைத் திருப்பினேன்.
“என்னடி, கண்ணு கூசுது!”
உள்ளே கேமரா கூடாது, போன்கூடக் கூடாது.
ஒரு விரல்கடை இறக்கினேன்.

அடுத்த பயிற்சி அய்யூர்ப் பக்கம், இரண்டாயிரம்.
கையில் எண்ணூறு இருக்கிறது.
அந்த வட்டத்தை நானே பிடிக்கிறேன்,
மீதியைக் குறைத்துக்கொள்வீர்களா என்று
திம்மராஜுக்கு மெசேஜ் போட்டேன்.
இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது.
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.