சிவப்பைத் தாண்டி ஒரு வெப்பமானி

ஜூலை மாதக் கார்னார்வன்.
தகரக் கூரையில் உறைபனி விரிசல்விடும் சத்தம்
பத்து மணிக்குத்தான் ஓய்ந்தது.
ஏழாம் வகுப்பு. முப்பத்தொரு பேர்.
ஒரு முப்பட்டகம், மூன்று வெப்பமானிகள்.
நான்காவது போன வாரம் உடைந்தது.
உடைத்தது நான்தான்.

காலணிப் பெட்டிக்குள் விழுந்தது
கட்டைவிரல் அகல வானவில்.
நீலத்தில் ஒன்றை வைத்தோம், மஞ்சளில் ஒன்றை.
மூன்றாவதை ரூவேன் கைதவறி
சிவப்பைத் தாண்டி, வெறும் அட்டையில் கிடத்தினான்.
"அங்கே ஒன்றுமே இல்லை, தள்ளி வை" என்றாள் டெல்மேன்.
நான் வாயைத் திறக்கவில்லை.
இந்த வேலையில் பாதி அதுதான்.

எட்டு நிமிடம்.
ஒன்றுமே இல்லாத இடம்தான்
எல்லாவற்றிலும் அதிகமாகச் சுட்டது.

"யுஃப்ரோ, வெப்பமானி கெட்டுப்போயிற்று!"
மாற்றி வைத்தோம். அதே கதை.
அகச்சிவப்பு என்று பலகையில் எழுதினேன்.
அகத்தில் இருப்பது சுடத்தானே செய்யும்.
தூசிமேகத்துக்குள் விண்மீன் பிறக்கும்போது
வெளியே கசிவது இந்தச் சூடு மட்டும்தான் என்றேன்.
பாதிப்பேர் கேட்டார்கள்.
மீதிப்பேர் பெட்டிக்குள் விரலை விட்டு
தெரியாத வெளிச்சத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.
அவர்களைக் கண்டிக்கவில்லை.

இங்கே பலருக்கும் வீட்டில் ஆட்டுக் கணக்கு உண்டு.
அதனால் இப்படிச் சொன்னேன்:
ஆயிரம் ஆடு பட்டிக்குள் போக
ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு
நோட்டை மூடும் மேய்ப்பன், நம் கண்.
"அப்பா அவனை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தியிருப்பார்"
என்றது பின்வரிசை.

மறுநாள் டெல்மேன் ஓர் எக்ஸ்ரே படத்தோடு வந்தாள்.
காற்றாலைப் பம்பில் ஏறி விழுந்த தம்பியின் முழங்கை.
சன்னலில் ஒட்டினோம்:
சதை புகையாக, எலும்பு நிலவாக.
வெடித்துச் செத்த விண்மீனின் மிச்சமும்
கருந்துளைக்குள் விழுமுன் கொதிக்கும் வாயுவும்
இதே கதிரில்தான் தெரியும்;
ஆனால் காற்று வழிமறிக்கும்,
செயற்கைக்கோள் ஏறித்தான் பார்க்க வேண்டும்.
"நல்லதாயிற்று" என்றான் ரூவேன்,
"இல்லாவிட்டால் தினமும் நமக்கெல்லாம் எக்ஸ்ரே."

ரேடியோ அலைக்கு அந்தத் தடை இல்லை.
அதற்காகத்தான் ஊருக்கு வெகுதூரம் தள்ளி
வெள்ளைத் தட்டுகள் வானம் பார்த்து நிற்கின்றன.
நிலவில் ஒருவர் செல்போனில் பேசினால்
பெரும்பாலான விண்மீன்களைவிட
அது அவற்றுக்குப் பளிச்சென்று தெரியும்.
"அதனால்தான் சித்தப்பா பண்ணையில் சிக்னல் இல்லையா?"
ஆமாம்.
"இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், யுஃப்ரோ.
போன மழையில் ஜீப் புதைந்தபோது
பதினொரு கிலோமீட்டர் நடந்தார்."
இதற்குப் பாடநூலில் விடை இல்லை. என்னிடமும் இல்லை.

கடைசியில் அண்டப் படம்.
எக்ஸ்ரே ஊதாவாக, அகச்சிவப்பு சிவப்பாக, ரேடியோ பச்சையாக.
கையை உயர்த்தினான் ஹென்ட்ரோ.
வருடம் முழுக்க உயராத கை.
"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், யுஃப்ரோ.
யார் கண்ணுக்கும் தெரியாத ஒளிக்கு
ஊதா என்று யார் சொன்னது?"

கணினிமுன் உட்கார்ந்த யாரோ, என்றேன்.
நாம் பார்க்க வேண்டுமே என்று பூசியது.

"அப்படியானால் அங்கே
நீங்களும் நானும் சமம்."

எண்கள் மட்டும் அச்சிட்ட தாளை
அவன் கையில் கொடுத்தேன்.
கொதிக்கும் வாயுவுக்கு மஞ்சள் தீட்டினான்.
குளிர்ந்த தூசிக்கு நீலம்,
அழுத்தி, தாள் கிழியும்வரை.
ரேடியோ இருந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.
முடிக்கவில்லையா?
"அதற்குச் சத்தம் ஆகாது என்றீர்களே.
அதன் பக்கத்தில் பென்சிலைக் கொண்டுபோகவில்லை."

மணி அடித்தது.
மதிப்பெண் கட்டம் இன்னும் காலி.
நேற்று எடுக்க மறந்த பெட்டிக்குள்
வானவில் எப்போதோ சுவரேறிப் போய்விட,
மூன்று வெப்பமானிகளும்
ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தன.