செருப்பு அடுக்கு

செந்தூல் பசாரில், அடுக்குமாடியின் தரைத்தளத்தில்
நோரைனியும் புஷ்பவேணியும் சேர்ந்து நடத்தும் தாஸ்கா.
வாசலில் நீல பிளாஸ்டிக் அடுக்கு, நான்கு தட்டு.
காலை ஏழரைக்கு மகனை இறக்கிவிடும்போது எண்ணிக்கொள்வேன்,
தொழில்புத்தி.
நிறைந்த நாளில் இருபத்தொரு ஜோடி.

ராஜா சூலான் சாலையில் இருபத்து மூன்றாவது மாடி,
குளிர் எலும்புவரை இறங்கும் அறை.
அடுத்த காலாண்டில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று
ஒரு தசம இடம்வரை சொல்ல எனக்குச் சம்பளம்.
தவறிப்போனால் 'வெளி அதிர்ச்சி' என்று எழுதிக்கொள்ளலாம்.
பத்துமலை அடிவாரத்துக் கிளி ஜோசியருக்குக் கூட
இந்தச் சலுகை கிடையாது.

போன வருடம் மார்ச்சில்
இருபத்தொன்று பதினாறாயிற்று.
கையுறைத் தொழிற்சாலை ஒரு ஷிஃப்டை நிறுத்தியதென்று
நாளிதழ் எழுதியது மூன்று வாரம் கழித்து.
என் கணித மாதிரி அதை மோப்பம் பிடித்தது
ஆகஸ்டில்.

அன்றிலிருந்து எக்செலில் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்,
'இதர' என்ற பெயரில்.
தேதி, ஜோடி, மழையா இல்லையா.
குதிகாலில் விளக்கெரியும் சிவப்பு ஷூ வந்திருந்தால்
செலயாங் மருத்துவமனையில் தாதி சரளாதேவிக்குப் பகல் பணி.
பச்சைத் தவளை பூட்ஸ்,
மினி மார்க்கெட் காசாளர் லாய் மெய் ஃபோங்கின் மகள்,
வயது மூன்று.
மெல்ல ஏறி மறுபடி இருபத்தொன்று.

ஜூனில் ஒரு செவ்வாய், விடிகாலை ஐந்து ஐம்பது.
வாட்ஸ்அப்பில் நோரைனி:
மூன்று பிள்ளைகளுக்குக் கை கால் வாய் நோய்,
பத்து நாள் மூடச் சொல்லிவிட்டார்கள், மன்னிக்கவும்.
கூடவே ஓர் அழுமுகம்.

பூஜ்ஜியம்.
எந்தத் தொழிற்சாலையும் மூடவில்லை,
ரிங்கிட் விழவில்லை.

சரளாதேவிக்கு மூன்று நாள் விடுப்பு கிடைத்தது.
மீதி ஏழு நாளும் புருஷனின் லாரி முன்னிருக்கையில்
பையன் ஈப்போ போய் ஈப்போ வந்தான்.
மெய் ஃபோங்கிடம் நான்காம் நாள் முதலாளி சொன்னார்:
ஆள் கிடைத்துவிட்டது.
நான் மகனை மடியில் வைத்துக்கொண்டு
திரைவழிக் கூட்டத்தில்
பெண்களின் உழைப்புப் பங்கேற்பு ஏறுமுகம் என்று சொன்னேன்.
அவன் மேசைக்கடியில் இறங்கி ஒயரைப் பிடுங்கினான்.
ஏறுமுகம் பாதியில் இருண்டது.
இணையக் கோளாறு என்றார் யாரோ, அன்பாக.

கணக்கெடுப்புத் தாளில் ஒரு கேள்வி உண்டு:
கடந்த வாரம் வேலை தேடினீர்களா?
பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுத் தேட?
தேடாதவள் வேலையற்றவள் ஆகமாட்டாள்.
வகுக்கும் எண்ணிலிருந்தே நழுவிவிடுவாள்,
மெய் ஃபோங், இருபத்தெட்டு வயது,
சில்லறையில் ஒரு சென் பிசகாதவள்.
விகிதம் அசையவில்லை.

கதவு திறந்தபோது டெட்டால் வாடை.
பதினெட்டு ஜோடி.
வேலை போனதால் செருப்பு குறைந்ததா
செருப்புக்கு இடமில்லாமல் வேலை போனதா
என்று பிரித்துச் சொல்லும் சோதனை ஒன்று
என்னிடம் இருக்கிறது.
அதற்கு நாற்பது காலாண்டுத் தரவு வேண்டும்.
தவளை பூட்ஸ்காரிக்கு அப்போது பதின்மூன்று.

நேற்று அறிக்கை போயிற்று.
ஏன் பூஜ்ஜியம் புள்ளி ஒன்று குறைத்தாய், எந்தத் தரவு,
என்று கேட்டார் ஹரிந்தர்.
பருவக் காரணிகள், என்றேன்.
தலையாட்டினார்.

இன்று புஷ்பவேணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்:
வாடகை ஏறிவிட்டது அக்கா,
அடுத்த மாதத்திலிருந்து ஐம்பது ரிங்கிட் கூட.
சரி என்றேன்.
போனைத் திறந்து 'இதர'வில் எழுதினேன்:
ஆகஸ்ட், பதினைந்து.

மகன் ஒரு ஷூவை மேல்தட்டில் எறிந்துவிட்டு
இன்னொன்றைக் கீழே உதறிவிட்டு உள்ளே ஓடினான்.
எண்ணுவதற்கு முன்
அதைக் குனிந்து ஜோடி சேர்க்க வேண்டியிருந்தது.
ஏழு நாற்பது ரயில் போய்விட்டது.