நான்காவது கட்டம்

அட்டவணை ஒன்று ஐம்பது என்றது.
ஒன்று இருபதுக்கே வற்றிவிட்டது கடல்.
படகின் அடிவயிறு பவளத்தில் உரசி
இனி எழமாட்டேன் என்பதுபோல்
உட்கார்ந்துகொண்டது.

நிக்சன் மோட்டாரைத் தூக்கிக் கட்டினான்.
"நாலு மணி நேரம்" என்றான்.
பிறகு சிகரெட் நனைந்திருப்பதைப் பார்த்து
கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான்,
ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடாத வார்த்தை.

எழுதுபலகையில் மூன்று கட்டங்கள்:
நீந்துவது, கிடப்பது, செத்தது.
சோரோங் அலுவலகத்தில் யாரோ
மின்விசிறிக்கடியில் இழுத்த கோடுகள்.

ரப்பர் பூட்சோடு இறங்கினேன்.
நீர் விலகிய பாறையெங்கும்
காய்ந்த எண்ணெயில் துளி தெறிப்பதுபோல்
இறால்களின் சடசடப்பு.
டார்ச் பட்டதும் பெருஞ்சிப்பி
நீல உதட்டை இறுக்கிக்கொண்டது,
கடன் கேட்டு வந்தவளைக் கண்டதுபோல.
கடல் அட்டைகள் பதினான்கு.
அடுத்த மாதம் ஊர்த் தடை நீங்கும்,
பாதிரியார் ஜெபித்து முடிக்குமுன்
பாதிப் பேர் குதித்திருப்பார்கள்.
நானும் குதிப்பேன்.
மனோக்வாரியில் மகனுக்குக் கட்டணம் பாக்கி.
பதினான்கையும் விலையாகத்தான் எண்ணினேன்,
அதைப் பலகையில் எழுதவில்லை.

அப்போதுதான் அது
குட்டையிலிருந்து ஏறி வந்தது.
என் கை நீளம்.
மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள்,
தோளருகே மட்டும்
மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு.
சுறா என்று சொன்னால்
சுறாவே சிரிக்கும்.

முன் துடுப்பு வலது, பின் துடுப்பு இடது.
நின்றது.
முன் துடுப்பு இடது.
நடுராத்திரியில் தாகமெடுத்து
விளக்குப் போடாமல்
பானையைத் தேடிப் போகிறவளின் நடை.
அடுத்த குட்டைக்கு இரண்டு பாகம் தூரம்,
நடுவில் ஒரு சொட்டு நீரில்லை.
நாமென்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.
அது மூச்சை எங்கேயோ வைத்துவிட்டு
கைவீசி வந்திருந்தது.

என் பூட்சின் மேல் வயிற்றை இழுத்துக்கொண்டு போனது.
அசையவில்லை நான்.
குட்டைக்குள் தலை போனதும்
ஒரு நண்டு உடைபடும் சத்தம்.

வாக்கிடாக்கி கரகரத்தது.
"ஓர்ப்பா, சுறா உண்டா?"
"ஒன்று."
"நீந்துவதா, கிடப்பதா?"
தோர்காஸுக்குத் தூக்கக் கலக்கம்,
கொட்டாவி விடுவதுகூடக் கேட்டது.
"நடக்கிறது" என்றேன்.
"குடித்திருக்கிறீர்களா இரண்டு பேரும்?"

பென்சிலால் நான்காவது கோடு இழுத்தேன்.
கை நடுங்கி வளைந்துபோனது.
மேலே 'நடப்பது' என்று எழுதி
கீழே ஒன்று போட்டேன்.
அலுவலகம் அழித்துவிடும்,
அழிக்கட்டும்.

நீர் திரும்பும்போது
நிக்சனுக்கு முன் படகு விழித்தது,
லேசாக ஒரு பக்கம் புரண்டு.
கணுக்கால்வரை ஏறிவிட்டது.
அட்டை பதினான்கா, பதினைந்தா?
பாறையோரம் கிடந்த அந்தக் கறுப்பு
அட்டையா, அதன் நிழலா?
திரும்பிப் போய்ப் பார்க்க
இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.