எதிரெடை

வால்பரைசோவின் மலைச்சரிவில்
இரண்டு பெட்டிகள், ஒரே கம்பிவடம்.
ஒன்று இறங்கும் கனத்தில்தான்
மற்றது ஏறும்.
பத்தொன்பது வருடம்
மேல்நிலையத்தில் நெம்புகோல் பிடித்தவள் நான்.
இப்போது என் வலது தோளில்
ஒரு பெட்டி
பாதி மேட்டில் நின்றுவிட்டது.

உறைந்த தோளாம்.
பனியே விழாத ஊரில்
எனக்கு மட்டும் ஒரு உறைவு.
அன்று காலை சட்டைக்குள் கை நுழைக்கக்
கால்மணி நேரம் ஆகியிருந்தது.

லெயோகாடியோ ஒரு கோணமானியை
அக்குளருகே பொருத்தி
அறுபத்தெட்டு என்று எழுதினார்.
என் வயதா, என்றேன்.
கோணம், சென்யோரா.

வெந்நீர்ப் பை இருபது நிமிடம்.
பிறகு மீன்குடல் போல் குளிர்ந்த களிம்பு.
அதன்மேல் ஒலியலைக் கருவியின் உருண்டைத் தலை
சத்தமில்லாமல் எதையோ தேடியது.
மின்சாரம் வைத்த நாட்களில்
தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது.
இதெல்லாம் கதவைத் தட்டுவது மட்டும்தான் என்றார்;
திறக்கும்போது கத்தலாம், தடையில்லை.

மேசையில் இடக்கை ஊன்றிக் குனிந்து
வலக்கையைத் தொங்கவிட வேண்டும்
ஒரு கிலோ எடைக்கல்லோடு.
ஆட்டாதீர்கள். ஆடட்டும்.
அதுதான் வரவில்லை.
எதையும் தானாக ஆடவிட்டுப்
பழக்கமில்லாத கை இது.

கதவின் மேல் ஒரு சிறு கப்பி, கயிறு,
இரு முனையிலும் மரப்பிடி.
இடக்கை கீழே இழுக்க
வலக்கை மேலே போகிறது.
அட, இது என் வண்டியல்லவா!
சுற்றுலாக்காரர்களையும் எரிவாயு உருளைகளையும்
யாருடையதென்று தெரியாத நாய்களையும்
ஏற்றி இறக்கிய கணக்கெல்லாம்
ஒரு முழக் கயிற்றில் திரும்பி வந்திருக்கிறது.
இடக்கை, பாவம்,
சில்லறைப் பெட்டியை மூடியதைத் தவிர
வேறொரு வேலையும் கண்டதில்லை.

அப்புறம் சுவர்.
சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல், நடுவிரல்,
பல்லி பயந்து பயந்து ஏறுவதுபோல.
நின்ற இடத்தில் பென்சில் கோடு, தேதி.
மே ஆறு. மே பதின்மூன்று.
மே இருபது, முந்தையதற்குக் கீழே.
அன்று படியேறியே வீடு போனேன்.
என் பெட்டியில் கால்வைக்கப் பிடிக்கவில்லை.
அங்கே என் இடத்தில் எடெல்மிரா என்றொரு பெண்
மணியை இரண்டு முறை அதிகமாக அடிக்கிறாள்.

ஜூனில் ஒருநாள்
தோள்பட்டையில் அவர் கொடுத்த அழுத்தம்
பாதியில் தளர்ந்தது.
கண் திறந்தேன்.
அவருடைய கட்டைவிரலில் பட்டைக் கட்டு.
எவ்வளவு நாளாக?
ஆறு வருடம். இனி முழங்கையால் அழுத்திப் பழக வேண்டும்.
அதற்குமேல் அவரும் சொல்லவில்லை.
அன்று வலித்தபோது நான் கத்தவில்லை.
மறுநாள் கத்தினேன்.

இந்த வாரம் நூற்று முப்பத்தொன்று.
உச்சந்தலையைச் சொறிய முடிகிறது.
முதுகுப்புறக் கொக்கி இன்னும் எட்டவில்லை;
அதற்கு எதிர்வீட்டு நோர்பெர்த்தா வருகிறாள்
ஐஸ் போன்ற விரல்களோடு,
ஊர்வம்பு பேசிக்கொண்டே.

இன்று போனால்
சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்.
கோடு இல்லை. மே இல்லை. ஜூன் இல்லை.
பெயின்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.
எதுவரை ஏறியிருந்தேன் என்று தெரியாமல்
ஏறினேன்,
சுட்டுவிரல், நடுவிரல்.
வலித்த இடத்தில் நின்று
மூச்சு விட்டு
இன்னும் ஒரு விரல்.
ஈரச் சுவரில் புள்ளி புள்ளியாய் ஒரு தடம்.
லெயோகாடியோ பென்சில் தேடி உள்ளே போனார்.
அவர் வரும்வரை
வெள்ளை விரல்களோடு
கையை இறக்காமல் நின்றேன்.